சி பிளாக்கில் கடல் இருந்தால்

“உங்க டியூஷன் பிள்ளை எழுதின ஒரே ஒரு வாக்கியத்தால சி பிளாக் பார்க்கிங்ல கடல் வந்து நிக்குது, என் ஸ்கூட்டர் சைலன்சருக்குள்ள நண்டு குடித்தனம் பண்ணுது, இதுக்கு நீங்க ஒரு பதில் சொல்லியே ஆகணும்.”

தணிகாசலம் இதைச் சொல்வது அன்றைக்கு மூன்றாவது தடவை. மூன்று தடவையும் ஒரு சொல்கூட மாறவில்லை. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அவர். தொலைபேசி இலாகாவில் முப்பத்தோரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். காதில் விழுந்ததைக் குறையாமல் கூடாமல் திருப்பிச் சொல்வது அவருக்குக் கைவந்த வேலை.

“ஒரு பதில்தானே? சொல்றேன்,” என்றாள் திரிபுரசுந்தரி. “வண்டியை பி பிளாக் பக்கம் நிறுத்துங்க.”

வாசற்படியிலேயே நின்றுதான் பேசினாள். உள்ளே அடுப்பில் கீரை இருந்தது. தணிகாசலம் வந்தால் கீரை கருகும் என்பதும் அந்தக் குடியிருப்பில் ஒரு விதி மாதிரி ஆகிவிட்டது.

அந்தக் குடியிருப்பில் நாலு கோடு நோட்டில் ‘இஃப்’ போட்டு எழுதினால் எழுதியது நடக்கும். வீடு பார்க்க வருகிறவர்களுக்குத் தண்ணீர் வரும் நேரம், குப்பை வண்டி வரும் நேரம், மொட்டை மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதோடு இதையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். ‘வில்’ போட்டு எழுதினால் நடக்கும். ‘வுட்’ போட்டு எழுதினால் நடக்காது. வெள்ளைத் தாளில் எழுதினால் எதுவுமே ஆகாது. இதில் ஒளிவு மறைவு கிடையாது.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. தமிழுக்கு ஒரே ஒரு ‘ஆல்’தான். மழை பெய்தால் குடை பிடிப்பேன். இறகு இருந்தால் பறப்பேன். மழை பெய்யக்கூடியது, இறகு முளைக்காதது. ஆனால் இரண்டுக்கும் அதே ஆல், அதே பிடிப்பேன், பறப்பேன். ஆங்கிலத்துக்கு அந்தத் தாராளம் இல்லை. வாயைத் திறக்கும்போதே அதற்குத் தெரிந்தாக வேண்டும்: இது நடக்கும் என்று நம்புகிறாயா, இல்லை, நடக்காது என்று கைவிட்டுவிட்டாயா? நம்பினால் ‘ஹேவ்’, ‘வில்’. கைவிட்டால் ‘ஹேட்’, ‘வுட்’. எட்டு ஒன்பது வயசுப் பிள்ளைகள் எதைக் கைவிட்டிருக்கும்? எல்லாவற்றுக்கும் ‘வில்’ போட்டார்கள்.

திரிபுரசுந்தரியிடம் நாலாவதும் ஐந்தாவதுமாக எட்டுப் பிள்ளைகள் வந்தன. ஆன்ட்டி என்று கூப்பிட்டால் காது கேட்காது அவளுக்கு. மிஸ் என்றால்தான் திரும்புவாள். போன வருஷம் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ‘இஃப் ஐ ஹேவ் ஆன் எலிஃபன்ட், இட் வில் கோ இன் தி லிஃப்ட்’ என்று எழுதினான். ஒரு வாரம் யானை லிஃப்டில் போய்வந்து கொண்டிருந்தது. ‘யானை ஏறும்போது மற்றவர்கள் படியைப் பயன்படுத்தவும்’ என்று தணிகாசலம் தாள் ஒட்டினார். இன்னொருவன் ‘இஃப் ஐ ஆம் ஹெட்மாஸ்டர்’ என்று தொடங்கி எழுதிவிட்டு, பதினோரு நாள் தன் பள்ளிக்கூடத்திலேயே தலைமையாசிரியராக இருந்தான். நன்றாகத்தான் நடத்தினான் என்று பேச்சு. வீட்டுக்கு வர ஏழு மணி ஆகிறதே என்று அவன் அம்மாதான் வந்து திருத்தச் சொன்னாள்.

திருத்துவது சுலபம். திரிபுரசுந்தரி சிவப்புப் பேனாவால் ‘வில்’லை அடித்து ‘வுட்’ போடுவாள். பிள்ளை அதைப் பார்த்து ஐந்து தடவை எழுதும். ஐந்தாவது தடவை முற்றுப்புள்ளி வைக்கும்போது யானையோ பதவியோ எதுவாக இருந்தாலும் போய்விடும். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கைக்குத் தப்பிய பிழை ஒன்றுகூட இல்லை. கான்வென்ட்டில் அவளுக்குப் பாடம் நடத்திய சிஸ்டர் அகஸ்டினா ஒரு காற்புள்ளிக்காகப் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்துகிறவர். பிழையைப் பார்த்துவிட்டும் விடுகிறவள் பிழை செய்தவளைவிட மோசம் என்பார். அந்தப் பெஞ்சிலிருந்து திரிபுரசுந்தரி இன்னும் முழுசாக இறங்கவில்லை என்று அவள் வீட்டுக்காரர் ஏகாம்பரம் சொல்வதுண்டு, அவள் குளிக்கப் போயிருக்கும் சமயமாகப் பார்த்து.

இந்தத் தடவை எழுதியது நிறைமதி. நாலாம் வகுப்பு, சி பிளாக் மூன்றாம் மாடி. பேசினால் வாய் நோகும் என்பதுபோல இருக்கிற பெண். வியாழக்கிழமை நாலு நாற்பதுக்கு அவள் எழுதி முடித்த வாக்கியம் இதுதான்: இஃப் சி பிளாக் ஹேஸ் எ சீ, மை மதர் வில் கம் டவுன்.

அந்த ஊரிலிருந்து கடலுக்குப் போக வேண்டுமானால் இரண்டு பஸ் மாற வேண்டும். கடல் அதைப் பொருட்படுத்தவில்லை. நாலு நாற்பத்தைந்துக்கு சி பிளாக் பார்க்கிங்கில் வந்து நின்றது. கணுக்கால் அளவுதான். ஆனாலும் கடல், அலை இருந்தது, உப்பு இருந்தது, நுரை இருந்தது.

திரிபுரசுந்தரி ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

“எத்தனை வாட்டி சொன்னேன்? இந்த ஊர்ல கடல் இருக்குமா? இருக்காது. அப்ப என்ன போடணும்?”

“ஹேட்.”

“தெரியுதில்ல? பின்ன ஏன் ஹேஸ் போட்ட?”

நிறைமதி அந்த வரியின்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டாள். “கோடு அடிக்காதீங்க மிஸ்.”

“கையை எடு.”

“அம்மா இறங்குறாங்க மிஸ்.”

திரிபுரசுந்தரி மறுபடியும் ஜன்னலுக்குப் போனாள். சி பிளாக் படிக்கட்டில் பிரமிளா இறங்கிக்கொண்டிருந்தாள். நிறைமதியின் அம்மா. நைட்டிக்குமேல் ஒரு துண்டு. கைப்பிடிச் சுவரை விடாமல் பிடித்தபடி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நின்று, அப்புறம் அடுத்த படி. கடற்கரை ஊரில் பிறந்து இங்கே வாக்கப்பட்டவள். குடியிருப்புக்கு வந்த முதல் மாதம் நாலைந்து தடவை கீழே இறங்கி, பார்க்கிங்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மேலே போனாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக இறங்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று டாக்டரே மேலே வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். புருஷன் கெஞ்சினான், மாமியார் திட்டினாள், பக்கத்து வீட்டுக்காரி விபூதி கொண்டுவந்தாள். ‘கீழே வந்தா போறதுக்கு என்ன இருக்கு?’ என்று மட்டும் கேட்பாளாம். உண்மையிலேயே கீழே ஒன்றும் இல்லை. பார்க்கிங்தான் இருந்தது.

இப்போது கடைசிப் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டாள்.

திரிபுரசுந்தரி பேனாவை மூடினாள்.

“எல்லாரும் அடுத்த பயிற்சியை எடுங்க,” என்றாள்.

மறுநாளும் ஐந்து மணிக்குப் பிரமிளா இறங்கினாள். அதற்கு மறுநாள் துண்டு இல்லாமல், சேலை கட்டிக்கொண்டு இறங்கினாள். அதே வேகத்தில் குடியிருப்பில் வண்டிகள் துருப்பிடித்தன. துணி காயவில்லை. மிளகாய்ப் பொடி ஈரம் கோத்துக் கட்டியாகிவிட்டது. தணிகாசலம் மனு ஒன்று தயார் செய்து நாற்பத்தொரு கையெழுத்து வாங்கினார். மூன்றாவது கையெழுத்து ஏகாம்பரத்துடையது.

“சங்கத்துல மெம்பரா இருக்கேனே சுந்தரி,” என்றார் ஏகாம்பரம்.

“சமையலறைக்கும் நீங்க மெம்பர்தான். இன்னைக்கு ரசம் மட்டும்.”

“அந்தப் பொண்ணு எழுதினது தப்புதானே? நீயேதான சொல்லுவ, தப்பு தப்புதான்னு.”

அவளைக் குத்தியது அந்த இடம்தான். வாக்கியம் தப்பு என்று அவளுக்குத் தெரியும். கண்ணை மூடினால் அந்த ‘ஹேஸ்’ வந்து நின்றது, பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தியதுபோல. திருத்தாமல் விட்டால் இருபத்திரண்டு வருஷம் போச்சு. திருத்தினால் இரண்டு பாதியும் சேர்ந்து போகும். கடலும் போகும், இறங்குவதும் போகும். ஆங்கிலத்தில் ஒரு பாதிக்கு மட்டும் ‘வுட்’ போட முடியாது. கடலை எடுத்துவிட்டுப் பிரமிளாவை மட்டும் கீழே விட்டுவைக்கிற இலக்கணம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மூன்று புத்தகம் பார்த்துவிட்டாள்.

சனிக்கிழமை தணிகாசலம் சமாதானத்துக்கு வந்தார். இந்தத் தடவை கருகியது உருளைக்கிழங்கு.

“இதோ பாருங்க மேடம். இஃப்பே வேண்டாம்னு நாங்க சொல்லல. தண்ணியைச் சூடு பண்ணினா கொதிக்கும், ஐஸ் வெயில்ல வெச்சா உருகும், இந்த மாதிரி இஃப் இருக்காமே. அதை மட்டும் சொல்லிக் குடுங்க. யாருக்கும் தொந்தரவில்ல.”

“கொதிக்கப்போற தண்ணிக்கு எதுக்கு சார் இஃப்? அது எப்படியும் கொதிக்கும்.”

“சரி, அப்ப ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நோட்டைக் கொண்டாந்து எல்லார் முன்னாடியும் திருத்துங்க. இல்லேன்னா சங்கம் டியூஷனை நிறுத்தும். தீர்மானம் டைப் அடிச்சாச்சு.”

“கொண்டாறேன்.”

“திருத்துவீங்களா?”

“கொண்டாறேன்னுதான் சொன்னேன்.”

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஏ பிளாக் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டார்கள். கடைசி வரிசையின் கால்கள் தண்ணீரில் இருந்தன. அங்கே உட்கார்ந்தவர்கள் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். எட்டுப் பிள்ளைகளும் ஒரு ஓரமாக நின்றன. நிறைமதி யார் முகத்தையும் பார்க்கவில்லை. சி பிளாக் மூன்றாம் மாடியில் ஜன்னல் திறந்திருந்தது.

தணிகாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். “மேடமே பாடத்துல சொல்லியிருக்காங்க. நடக்காததுக்கு ஹேட், வுட். சி பிளாக்ல கடல்ங்கிறது நடக்கக்கூடியதா? நடக்காதது. அப்ப இந்த வாக்கியம் தப்பு. தப்பைத் திருத்தச் சொல்றோம். இதுல தனிப்பட்ட விரோதம் ஒண்ணுமில்ல.”

நாற்காலிகளில் தலைகள் ஆடின. ஏகாம்பரம் தலையை ஆட்டப் போய், பாதியில் கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

“சார்,” என்றாள் திரிபுரசுந்தரி. “உங்க கால் எங்க இருக்கு?”

தணிகாசலம் குனிந்து பார்த்தார். பேச்சு மும்முரத்தில் பின்னால் நகர்ந்து கடலுக்குள் நின்றிருந்தார்.

“நடக்காததுக்கு ஹேட் போடணும்னு சொன்னேன், வாஸ்தவம். இது நடந்திருக்கே. அலை அடிக்குது, உங்க பேன்ட்டு நனையுது. கண்ணு முன்னாடி இருக்கறதுக்கு எப்படி ஹேட் போடுறது? இப்ப நீங்க என் முன்னாடி நிக்கறீங்க. செயலாளர்னு ஒருத்தர் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு நான் எழுதினா நீங்க ஒத்துக்குவீங்களா?”

“எழுதும்போது கடல் இல்லையே மேடம். அப்ப எழுதினது அப்ப தப்பு.”

“அப்ப அவளுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல. நான் இல்லாததுன்னு நெனச்சேன். அவ வரும்னு நெனச்சா. வந்துச்சா இல்லையா?”

“வந்துச்சு. அதைத்தான் போகச் சொல்றோம்.”

“அம்மா இறங்க மாட்டாங்க,” என்றாள் நிறைமதி. பெரிய சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் கடைசி வரிசைவரை கேட்டது.

“அதுக்கு நாங்க என்னம்மா பண்றது?” என்று தணிகாசலம் தணிந்த குரலில் சொன்னார். “மொட்டை மாடியில பூந்தொட்டி வெக்கலாம். ஊஞ்சல் போடலாம்.”

“மொட்டை மாடிக்கு ஏறணும் சார். அவங்களுக்கு இறங்கணும்,” என்றாள் திரிபுரசுந்தரி.

நோட்டைப் பிரித்தாள். வாக்கியத்தைச் சத்தமாக, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, சிஸ்டர் அகஸ்டினா வாசிக்கிற மாதிரியே வாசித்தாள். ‘மதர்’ வரும்போது நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைக்கத் தவறவில்லை. பேனாவின் மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றினாள். தணிகாசலம் எட்டிப் பார்த்தார். நிறைமதி கண்ணை மூடிக்கொண்டாள்.

திரிபுரசுந்தரி ஒரு டிக் போட்டாள். மேல் கோட்டில் தொடங்கிக் கீழ்க் கோடுவரை போகிற டிக். பக்கத்தில் ‘குட்’ என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டாள்.

“பிழை இல்லை,” என்றாள். “டியூஷனை நிறுத்தறதுன்னா நிறுத்திக்கோங்க. தீர்மானத்துல ‘ஒழுங்கீனம்’ங்கிறதுக்கு எந்த ‘ழு’ன்னு பார்த்து அடிங்க. போன தடவை சின்ன ‘லு’ போட்டிருந்தீங்க.”

டிக் வாங்கியதும் கடல் நிமிர்ந்து உட்கார்ந்தது. அதுவரை காம்பவுண்டுச் சுவரோடு முடிந்தது, இப்போது சுவருக்கு அப்பாலும் போய் வானத்தைத் தொட்டது. ஓர் ஓரமாக ஒரு மீன்பிடிப் படகு தெரிந்தது. ஐந்து மணிக்குப் பிரமிளா இறங்கி வந்து, நாற்காலிகளுக்கு நடுவே வழி விடச் சொல்லி நடந்து, முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றாள். கூட்டம் தேநீர் குடிக்காமல் கலைந்தது.

தீர்மானம் நிறைவேறியது. திங்கட்கிழமையிலிருந்து டியூஷன் கிடையாது என்று லிஃப்ட் கதவில் தாள் ஒட்டப்பட்டது. பிள்ளைகள் வழக்கம்போல நாலு மணிக்கு வந்தார்கள். “கதவைச் சாத்திட்டு உக்காருங்க,” என்றாள் திரிபுரசுந்தரி.

தணிகாசலம் திங்கட்கிழமை காலையிலேயே கடைக்குப் போய்த் தனக்கென்று ஒரு நாலு கோடு நோட்டு வாங்கியிருந்தார். அவர் தமிழ் மீடியம். வெளியூரில் இருக்கிற மகனைப் போனில் பிடித்து, நடக்காத கடலுக்கு எப்படி எழுதுவது என்று கேட்டார். அவன் ஆபீசில் நடந்துகொண்டே ஒரு வாக்கியம் சொன்னான். அவர் அதைக் காதில் விழுந்தபடி எழுதி, ஐந்து தடவை பார்த்து எழுதி, ஐந்தாவதுக்கு முற்றுப்புள்ளியும் வைத்தார்.

நாலரை மணிக்கு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு திரிபுரசுந்தரி வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை அவர் வாசலில் நின்று புகார் சொல்லவில்லை. நோட்டை நீட்டினார்.

“நான் எழுதினதுல ஏதாவது தப்பிருக்கா?”

அவள் வாங்கிப் பார்த்தாள். நாலு கோட்டுக்கு நடுவே தமிழ் எழுத்துகள் முத்து முத்தாக உட்கார்ந்திருந்தன. இஃப் தேர் வேர் எ சீ, ஷீ வுட் கம் டவுன்.

“என்ன சார் இது?”

“இங்கிலீஷு.”

“எழுத்து?”

“எழுத்து தமிழ். முப்பத்தோரு வருஷம் வந்த மெசேஜ் எல்லாத்தையும் இப்படித்தான் எழுதி வெச்சேன். ஒருத்தரும் குறை சொன்னதில்ல.”

“இப்ப என்ன ஆச்சு?”

“நீங்களே வந்து பாருங்க.”

நோட்டுக்கு எழுத்துதான் தெரியும். எழுதியவர் மனசு தெரியாது. சி பிளாக் படிக்கட்டுக்கும் கடலுக்கும் நடுவில், தண்ணீரை அப்பால் தள்ளிவிட்டு, அச்சு அசலாக ஒரு தேர் நின்றது. நாலு சக்கரத்துக்கும் வேர். ஆல மரத்து வேர் கனத்தில் அவை சிமென்ட் தரையைப் பிளந்து இறங்கியிருந்தன. தேரின் அகலம் பார்க்கிங்கின் அகலத்துக்குச் சரியாக இருந்தது. இந்தப் பக்கம் ஒரு ஆள் புகவும் இடமில்லை, அந்தப் பக்கமும் இல்லை.

“மரத்தேரு மிஸ்,” என்றாள் பின்னாலேயே ஓடிவந்திருந்த நிறைமதி. “வுட்டும் போட்டிருக்கார்.”

“இதைக் கொஞ்சம் திருத்திட்டீங்கன்னா வேலை முடிஞ்சுடும்,” என்றார் தணிகாசலம். “பேனா இருக்கா?”

திரிபுரசுந்தரி வாக்கியத்தை இன்னொரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள். “சிவப்புப் பேனா இங்கிலீஷுக்குத்தான் சார். இதுல தேரும் சரியா இருக்கு, வேரும் சரியா இருக்கு. ஒரு எழுத்துப் பிழை கிடையாது. நான் எதைத் திருத்துறது?”

அவர் நோட்டைத் திரும்ப வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

ஐந்து மணிக்குப் பிரமிளா இறங்கினாள். கைப்பிடிச் சுவரைப் பிடிக்காமல், ஒரு படிக்கு ஒரு கால் வைத்து இறங்கினாள். கடைசிப் படிக்கு வந்து தேரைப் பார்த்தாள். சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே குனிந்து பார்த்தாள். அந்தப் பக்கம் அலை அடிக்கிற சத்தம் கேட்டது, தண்ணீர் தெரியவில்லை. நிறைமதி மாடிப்படியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மறுபடியும் மாடிப்படியைப் பார்த்தாள்.

பிரமிளா திரும்பவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தேரின் முன்னால் இரண்டு வடம் கிடந்தன, தொடைக் கனத்தில். ஒன்றைத் தூக்கப் பார்த்தாள்; முனை மட்டும் எழுந்தது. திரிபுரசுந்தரி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வந்து அவளுக்குப் பின்னால் பிடித்தாள். அவளுக்குப் பின்னால் நிறைமதி. மற்ற ஏழு பிள்ளைகளும் இரண்டாவது வடத்துக்கு ஓடின. எல்லோருமாக ஒரு மூச்சு இழுத்தார்கள். தேர் ஒரு சாண் அசைந்தது. அசைந்த இடத்தில் வலது பக்கச் சக்கரம் உடனே ஒரு புது வேர் விட்டது.

அதற்குள் மூன்று பிளாக்கிலும் பால்கனி நிறைந்துவிட்டது. மனுவில் கையெழுத்துப் போட்ட நாற்பத்தொரு பேரும் இருந்தார்கள். ஏகாம்பரம் துண்டைத் தோளில் போட்டபடி இரண்டாம் மாடியில் நின்றார். தணிகாசலம் கீழேயே, வடத்துக்கு நாலடி தள்ளி, நோட்டோடு நின்றார்.

பிரமிளா வடத்தை விடாமல் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவள் குரலை அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் கேட்டதில்லை. நல்ல கனத்த குரல்தான்.

“அண்ணே, அக்கா, இப்படி வந்து எல்லாரும் ஆளுக்கு ஒரு கை பிடிச்சீங்கன்னா...” என்றாள்.

சக்கரத்தின் புது வேரில் ஓர் இலை விரிந்தது. அந்த வாக்கியத்துக்கு ‘வில்’லா ‘வுட்’டா என்பது இப்போது பால்கனிகளில் நின்றவர்கள் கையில் இருந்தது.